கரண்டி நின்ற ஜாடி

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் இங்கிலாந்தின் மார்ஷ்விக் கிராமத்தார் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதற்காகக் கோடைத் திருவிழா நடத்துவது வழக்கம். அதில் பெரில் ஓக்‌ஷாட் அம்மாளின் பானக் கடைதான் காசு பார்க்கும். இந்த வருஷத்துக் காசு ஊர் ஆஸ்பத்திரிக் கூரைக்கு. கூரை ஒழுகினால் டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று மாவட்ட அலுவலகம் சொல்லியிருந்தது. முழங்கால் வலிக்காரி பெரிலுக்கு டாக்டர் போனால் அதோகதிதான்.

செய்முறை ஊரறிந்தது. மூலிகை ஊறிய சிவப்பு ஜின் மது, எலுமிச்சை சோடா, ஐஸ், புதினா, ஆரஞ்சு, வெள்ளரி, ஸ்ட்ராபெரி. ஜின் விலை கொள்ளை. ஸ்ட்ராபெரி சொந்தத் தோட்டம். ஆகவே பெரில் பழத்தை அள்ளிக் கொட்டி, ஜின்னைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வாள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி கிளைவ் டிரான்டர் வந்தார். ஜாடிக்குள் ஒரு கரண்டியை நட்டார். அது ஆடாமல் அசையாமல் நின்றது.

“கரண்டி நின்னா அது பானம் இல்லம்மா, சாலட்.”

“எல்லாரும் குடிக்கிறாங்களே சார்?”

“தப்பா சாப்பிட்டிருக்காங்க. தட்டுல வெச்சு முள்கரண்டி கொடுங்க.”

“அப்ப இந்தத் தண்ணி?”

“அது சாலட் மேல ஊத்துற சாறு. தனியா வைக்கணும். கேக்குறவங்களுக்குக் கேக்குற அளவு ஊத்தணும். சட்டம்.”

வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்த முன்னாள் தபால்காரர் டெஸ்மண்டின் முகம் மெல்ல மலர்ந்தது. “சட்டத்தை மதிக்கணும் பெரில். சோடாவை நிறுத்து. சாறு வெறும் ஜின்னா இருக்கட்டும், அதுக்குத் தனிக் காசு.”

தினம் ஐந்து பங்கு காய்கனி தின்னச் சொல்லி நாடே பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் அது. வரிசை தேவாலய வாசலைத் தாண்டியது. “எனக்கு ஒரு துண்டு வெள்ளரி போதும்மா, சாறு மட்டும் தாராளமா,” என்றார் பாதிரியார். டிரான்டர் கடமை தவறாதவர். மாதிரிக்கு ஒரு தட்டு வாங்கியவர், சந்தேகம் தீராமல் இன்னும் மூன்று வாங்கினார். சாயங்காலம் ஊரே ஆரோக்கியத்தில் தள்ளாடியது. சாக்கு ஓட்டத்தில் ஓடியவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள்.

கூரைக்கு வேண்டியதற்கு மேலேயே காசு சேர்ந்தது. பெரில் சந்தோஷத்தில் டெஸ்மண்டைக் கட்டிப்பிடித்துவிட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டாள்.

இலையுதிர் காலத்தில், ஆஸ்பத்திரியின் புதுக் கூரையின் கீழ் நடந்த திறப்பு விழாவில் டிரான்டர் பரிசுக் கேடயத்தோடு எழுந்து நின்றார்.

“ஒரே நாள்ல இவ்வளவு சாலட் சாப்பிட்ட ஊர் மாவட்டத்துலயே இல்ல. ஆரோக்கியத்துல நீங்கதான் முதல். இப்படிப்பட்ட ஊருக்கு டாக்டர் எதுக்கு? மாவட்ட அலுவலகம் அவரை ஒரு நோஞ்சான் ஊருக்கு மாத்திடுச்சு.”

பெரில் கையை உயர்த்தினாள். “சார், அது வந்து…”

“சாலட்தானே? யாராவது குடிச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. டாக்டர் இங்கயே இருப்பார்.”

எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பாதிரியார் அண்ணாந்து கூரை வேலைப்பாட்டை மெச்சினார்.

“நீ சொல்லேன்,” என்று டெஸ்மண்டை இடித்தாள் பெரில்.

“நானா? நான் வெறும் வெள்ளரிதான் சாப்பிட்டேன்.”

கடைசியில் அவள் முன்வரிசையிலிருந்த டாக்டரைப் பார்த்தாள். சொந்த ஊரை விட்டுப் போகப்போகிறவர்; ஐந்து தட்டு தீர்த்தவர்; அவராவது வாயைத் திறக்கமாட்டாரா? டாக்டர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். “ரொம்ப நன்றி,” என்று சொல்லிக் கைதட்டினார்.

ஊரே கைதட்டியது. பெரிலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினாள்.