முகமில்லாத போஸ்டர்

முகப்பூர் நாட்டில் சுவர்கள் உண்டு, பார்த்தவர்தான் யாரும் இல்லை. எல்லாவற்றையும் மன்னர் பூரணரின் போஸ்டர் மூடியிருந்தது. வீட்டுக்குள் போக வேண்டுமானால் மன்னரின் மூக்கைத் தடவிப் பார்க்க வேண்டும்; தாழ்ப்பாள் அதன் அடியில்தான் இருக்கும்.

அந்த நாட்டில் போஸ்டர் வரைபவள் மாதங்கி. ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் நடுப்பலகைகள் உளுத்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டாள். அவள் மகள் துளிர் தினமும் அதில் நடந்துதான் பள்ளிக்குப் போகிறாள். "பாலம் உளுத்துவிட்டது, போகாதீர்கள்" என்று பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு சுவர்த்துறை அமைச்சரிடம் ஓடினாள். அனுமதியில்லாமல் பசை காய்ச்சினாலே அங்கே குற்றம்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. மன்னர் எங்கே?" என்றார் அமைச்சர்.

"பாலத்துக்கு எதுக்குங்கய்யா மன்னர் படம்?"

"என்னம்மா பேச்சு இது! பாலம் யாரோடது?"

போஸ்டரின் நடுவில் மன்னர் படம் வந்தது. அவர் வந்தால் இளவரசர் வராமல் இருப்பாரா? அமைச்சர்கள் வட்டவட்டமாக வந்தார்கள். விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்ள, அவர்களும் நெல்லிக்காய் அளவில் வந்தார்கள். 'உளுத்துவிட்டது' என்பது அரசை நோகடிக்கும் சொல் என்பதால் 'பாலம் ஓய்வெடுக்கிறது' என்று மாற்றினார்கள். அதுவும் எறும்பு அளவில் மூலைக்குப் போனது.

ஒட்டினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே பால்காரர் சடையனின் எருமை பலகையோடு ஆற்றில் விழுந்தது. நல்லவேளை, நீந்திக் கரையேறிவிட்டது.

"எருமைக்குப் படிக்கத் தெரியலைன்னா அரசாங்கம் என்ன பண்ணும்?" என்ற அமைச்சர், மன்னரின் முகத்தை இன்னும் பெரிதாக்க ஆணையிட்டார். எழுத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

மறுநாள் விடிந்தபோது பாலத்தின் முகப்பில் ஒரு வெள்ளைத்தாள் தொங்கியது. நடுவில் ஒரே வரி: பாலம் உளுத்துவிட்டது, போகாதீர்கள்.

"அடேயப்பா! ஒரு மூஞ்சிகூட இல்லையே!" என்று சனம் கூடிவிட்டது. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் அப்படியே படித்தும் விட்டார்கள். பிள்ளைகள் திரும்பி நடந்தார்கள். துளிரைக் கண்டதும் மாதங்கிக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் அக்கரையில் புது போஸ்டரைத் திறந்துவைக்கப் போகும் வழியில் மன்னர் பரிவாரத்தோடு அங்கே வந்தார். வெள்ளைத்தாளின் முன் எல்லோரும் நின்று அவரவர் படத்தைத் தேடினார்கள். அவர்கள் போஸ்டர் படிக்கும் முறை அதுதான்.

"நம்ம ஆளுங்க யாருமே இல்லையே?" என்றார் மன்னர்.

"இல்லீங்க மன்னா."

"அப்போ இது நமக்கில்லை. நடங்க."

"ஐயோ, அதுல கால வைக்காதீங்க!" என்று மாதங்கி கத்தினாள்.

"இதை ஒட்ட அனுமதி வாங்கினியாம்மா?" என்று கேட்டபடியே அமைச்சர் காலை வைத்தார். பின்னாலேயே மொத்த அரசாங்கமும் வைத்தது.

கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து சனங்கள்தான் கயிறு போட்டு இழுத்தார்கள். மறுநாள் வெள்ளைத்தாளின் மேலேயே புது போஸ்டர் ஏறியது: "ஆற்றில் இறங்கி ஆழம் பார்த்த அஞ்சாநெஞ்சரே!" மன்னர், இளவரசர், அமைச்சர்கள் எல்லோரும் சொட்டச்சொட்டச் சிரித்தார்கள்.

"பாலம் எங்கம்மா?" என்று கேட்டாள் துளிர். மாதங்கி போஸ்டரில் மூலை மூலையாகத் தேடினாள். எங்கேயும் இல்லை.

முகப்பூரில் மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; அந்தத் தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அன்று பால் ஊற்ற வந்த சடையன் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"எங்க வீட்டுச் சுவருக்கும் வெள்ளைத்தாள் ஒண்ணு குடு தாயி. தெருவுல எல்லாருமே கேக்குறாங்க."

"என்ன எழுதணும்ண்ணே?"

"நீ வெறுந்தாளாவே குடு. நாங்க எழுதிக்கிறோம்."