எட்டாம் நம்பர் சார்

மைசூரில் பெண் பார்க்க வீடு வீடாக ஏறி இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டைப் அடிக்கிற மிஷின் பார்க்க வீதி வீதியாக ஏறி இறங்கிய மனுஷர் ஒருவர்தான். எங்கள் எட்டாம் நம்பர் சார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆபீசில் தபால் அனுப்புகிற வேலை. எங்கள் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பேர் வைத்த புதுசு. பழைய தாள்களில் மைசூர் என்று அச்சாகியிருக்கும். அதன் மேல் வரிசையாக எக்ஸ் அடித்துவிட்டுப் புதுப் பேரை மேலே ஏற்ற வேண்டும். எட்டாம் நம்பர் சார் அந்த எக்ஸ் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் கல்யாண வீட்டு மேளம் தோற்றுப் போகும்.

ஆபீசில் பத்து மிஷின். பத்தும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. அவர் எட்டாவதை மட்டும்தான் தொடுவார். அது ரிப்பேர் ஆனால் அவரும் லீவு போட்டுவிடுவார். காரணம் என்ற இடத்தில், "மிஷினுக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதிக் கொடுத்ததை நானே ஃபைலில் சேர்த்திருக்கிறேன். மெக்கானிக் எண்ணெய் போட வந்தால், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

"அப்படி என்ன சார் இருக்கு அதுல?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மத்த மிஷின்ல நாம அடிக்கணும்பா. இதுல நெனைச்சாப் போதும்" என்றார்.

அந்த மிஷினை அவரிடமிருந்து பிரித்த பாவி நான்தான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். பத்து மிஷின்களையும் ஹாலில் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். சாமுண்டித் தாய்க்கு முன்னால் அழுக்கோடு வைக்கலாமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து, கிரசின் தொட்டு ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தேன். முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த நம்பர்களும் பளபளவென்று போய்விட்டன. பூஜை முடிந்தபிறகுதான் கவனித்தேன். யாரிடமும் சொல்லப் பயம். தாயை நினைத்துக்கொண்டு, ஞாபகத்தில் இருந்த வரிசையில் ஒன்று முதல் பத்து வரை நானே எழுதிவிட்டேன்.

தசரா விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தது. ஆறாம் நம்பர் கல்லு மாதிரி கடினம், அதைக் கொள்ளேகால் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிடலாம் என்று முன்பே உத்தரவாகியிருந்தது. காலையிலேயே பியூன் அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

பத்தரைக்கு எட்டாம் நம்பர் சார் வந்தார். துண்டால் நாற்காலியைத் தட்டினார். விரல்களை வைத்தார். ஒரே ஒரு எழுத்து அடித்தார். எழுந்துவிட்டார்.

"இது எட்டு இல்ல."

"எட்டுன்னு எழுதியிருக்கே சார்" என்றான் பியூன்.

"எழுதினவன் யாரு?"

நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். விஷயத்தைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. மிச்சமிருந்த ஒன்பதையும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தார். பிறகு கொள்ளேகால் ரோடு இருக்கிற திசையைப் பார்த்தபடி, "எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருக்கலாமேப்பா" என்றார். அவ்வளவுதான்.

எட்டு என்று நான் எழுதி அவர் மேஜையில் வைத்தது அந்தக் கல்லு ஆறாம் நம்பரைத்தான்.

கொள்ளேகாலுக்குப் போனதுதான் எட்டு, அதைத் திருப்பி வரவழைக்க வேண்டும் என்று அவர் மனு எழுதினார். ரிஜிஸ்டரில் எட்டாம் நம்பர் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது என்று ஆபீசர் பதில் எழுதினார். மாதம் ஒரு மனு, மாதம் ஒரு பதில். "ஹோகலி பிடி, போகட்டும் விடுங்க சார், எல்லாம் ஒரே இரும்புதானே" என்று பியூன் ஆறுதல் சொன்னதற்கு, "உன் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டம்மாவும் ஒரே புடவை கட்டினா ஒண்ணாயிடுமாடா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தார்.

எட்டு மாதிரி இன்னொன்று கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று விடாமல் போவார். துணைக்கு நான். பையன்கள் ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் இவர் ஒவ்வொரு மிஷினிலும் உட்கார்ந்து, "இது முரடு", "இதுக்கு வாய் அதிகம்", "இது நல்ல பொண்ணு, ஆனா நமக்கு ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வருவார். கோயிலில் தீபாராதனைக்குக் கைகூப்பி நிற்கும்போதுகூட அவர் விரல்கள் உள்ளுக்குள் எதையோ அடித்துக்கொண்டிருக்கும்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு மத்தியானம் அவர் டிபன் டப்பாவைத் திறந்து, சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டார். விரல் கணுக்களெல்லாம் இஞ்சித் துண்டு மாதிரி வீங்கியிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்து, "என்னப்பா பண்றது? அந்தக் கல்லுல அடிச்சு அடிச்சு இதுக்குப் பிசையத் தெரியாமப் போச்சு" என்று சிரித்தார். ரிடையராக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலமே மாதேஸ்வர சாமிக்கு வேண்டிக்கொண்டேன். எட்டாம் நம்பரைத் திருப்பிக் கொடு சாமி, மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன்.

சாமி புது ஆபீசர் ரூபத்தில் வந்தார். மனு ஃபைலைப் படித்துச் சிரித்து முடித்துவிட்டு, "போய்ப் பாருங்க. அதுதான்னு உங்க விரல் சொன்னா எடுத்துக்கிட்டு வாங்க. இங்கே இருக்கிற கல்லை அங்கே அனுப்பிடலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்.

ஞாயிறு கொள்ளேகால் தாண்டி மாதேஸ்வர சாமி மலைக்குப் போனோம். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். சார் கடிதம் இருந்த சட்டைப் பையைத் தடவிக்கொண்டே தரிசனம் பண்ணினார். திங்கட்கிழமை காலை, சந்தனம் காயாத தலையோடு நானும், புதுச் சட்டையோடு அவரும் கொள்ளேகால் ஆபீசில் போய் நின்றோம்.

ஜன்னலோரம் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷின் மேல் ஒரு முழம் மல்லிகை. சார் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

"மைசூர் ஆபீசு. மிஷினைச் சும்மா பார்த்துட்டுப் போக வந்தோம்மா" என்றார்.

"உக்காருங்க சார்" என்று அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "இது மகராசிங்க. முந்தி ஒரு மிசினு இருந்துச்சுங்க, வெரலு நுனியில துணி சுத்திக்கிட்டுத்தான் அடிப்பேனுங்க. ராத்திரிக்கு வெரலு மடங்காதுங்க. இது வந்த பொறவுதானுங்க துணிய அவுத்தேன். எந்தப் புண்ணியவான் அனுப்பினாரோ!"

சார் அவள் விரல்களைப் பார்த்தார். உட்கார்ந்தார். ஒரு எழுத்திலேயே கண்டுபிடிக்கிற மனுஷர், தாளைச் செருகி ஒரு பக்கம் முழுக்க அடித்தார். அடிவிளிம்பு வந்து தாள் நழுவியபிறகும் விரல்களை எடுக்கவில்லை. ஸ்பேஸ் பாரின் வலது பக்கம் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் எனக்கே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"நாங்க தேடறது வேற மிஷின்மா. இதை நல்லா வச்சிரு. மாசத்துக்கு ஒரு தடவ எண்ணெய் போடு. நிறைய வேண்டாம்."

பஸ் ஏறினோம். நரசீபுரம் தாண்டியபிறகு நான் பொறுக்கமாட்டாமல், "சார், அது எட்டுதானே?" என்றேன்.

"கட்டிக் கொடுத்த இடத்துல நல்லா இருக்குப்பா. பூவெல்லாம் வச்சுக்கிறா பாரு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழங்கால் மேல் விரல்கள் அடித்துக்கொண்டே வந்தன.

மறுநாளிலிருந்து மத்தியானத்துக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கல்லில் இரண்டு விரலால் நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ரிடையராகிற அன்று வரைக்கும் தப்பில்லாமல் ஒரு பக்கம் எனக்கு வரவில்லை. அவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது அவர் இல்லை. ஆயுத பூஜைக்கு வீட்டில் அரிவாள்மணை, தையல் மிஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு, ஒரு டைப் மிஷின் அளவுக்குக் காலியாக விட்ட வெறும் பலகையில் ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறேன். அது மிஷினுக்கா, சாருக்கா என்று பேரன் கேட்கிறான். சாமுண்டித் தாய்க்குத் தெரியும்.