போட்ட காசு எத்தனை வருடத்தில் வரும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இங்கு நலமாக இருப்பது நான் ஒருவன்தான், ஏனென்றால் இங்கு இருப்பதே நான் ஒருவன்தான். தங்கள் நலத்தையும் தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் தங்கையின் நலத்தையும் அறிய ஆவல்.

போன மாதம் தொலைபேசியில், மாடியில் சோலார் போட்டீர்களே, போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்று கேட்டீர்கள். ஐந்து வருடம் என்றேன். அது பொய். உங்கள் தங்கை பெட்டியோடு கிளம்பிப் போய் இன்றோடு நான்கு நாள் ஆகிறது. அதற்கும் இந்தப் பொய்க்கும் தொடர்பு உண்டு என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருடம் என்பது பேனல் விற்க வந்தவர் சொன்னது. "அஞ்சு வருஷத்துல மொதல் வந்துரும் சார், அதுக்கப்புறம் இருபது வருஷம் சூரியன் உங்களுக்குச் சம்பளம் குடுக்கும்" என்றார். ஓய்வு பெற்றவன் காதில் சம்பளம் என்ற சொல் விழவே கூடாது. மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். எட்டு பேனல்கள் மாடி ஏறின. பிறகு மின்சார அலுவலகத்திலிருந்து புது மீட்டர் பொருத்த வந்த இன்ஜினியர், பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியை நிமிர்ந்து பார்த்தார். மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் மூன்று பேனல்களில் விழும், எட்டு வருடம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டரான நம் மாப்பிள்ளை வந்தார். அந்தப் பணம் வங்கியில் கிடந்திருந்தால் வட்டி வந்திருக்குமே மாமா, அதையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டுப் பதினொன்று ஆக்கினார். உத்தரவாதத் தாளை வாங்கிப் படித்து, பத்தாவது வருடம் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரும் என்று பதின்மூன்று ஆக்கினார். அவர் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் எனக்கு ஐந்து வருடம் போயிற்று. இன்னொரு காபி வேண்டுமா என்று உங்கள் தங்கை அவரைக் கேட்டபோது, வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

எனக்கு வயது அறுபத்தேழு. பதின்மூன்றைக் கூட்டினால் எண்பது. அவ்வளவு காலம் இருப்பேன் என்று யாரும் எனக்கு உத்தரவாதத் தாள் கொடுக்கவில்லை. ஆகவே வருடங்களைக் குறைக்க ஒரே வழி, வீட்டில் செலவைக் குறைத்து மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்பது என்று முடிவு செய்தேன். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். ஊரார் மீட்டர் எவ்வளவு ஓடினாலும் பதறாதவன், என் வீட்டு மீட்டர் முன்னால் ஒரு நாளைக்கு ஆறு முறை போய் நின்றேன். மின்விசிறி ஒன்று என்றேன், தொலைக்காட்சி வேண்டாம் என்றேன். "சூரியன் சும்மாதானே குடுக்குது, அதையுமா எண்ணி எண்ணிச் செலவு பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். பகலில் விற்றதைச் சாயங்காலம் நாமே தின்கிறோம் என்று விளக்கினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முன்னறையில் அவள் பள்ளிச் சீருடை தைப்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி திறக்கும் சமயம், இரவு எட்டு மணி வரை மெஷின் ஓடும். மெஷினுக்கு மேலே இருந்த டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன பல்பைப் போட்டேன். நூல் தெரியவில்லை என்றாள். கண்ணாடியை மாற்றிப் பார் என்றேன். மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்ந்த பிறகு ஜன்னல் எதற்கு உதவும் மச்சான்?

மூன்றாம் நாள் மாலை ஏழு மணி இருக்கும். நான் மீட்டரில் பார்த்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மெஷின் சட்டென்று நின்றது. அவள் கத்தவில்லை. "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து ஊசி இறங்கி, அடியில் இருந்த துணி வரைக்கும் போயிருந்தது. விரலை அசைக்க முடியவில்லை. சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினால் ஊசி மேலே வரும் என்று அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. செல்போனில் விளக்கு இருப்பது ஞாபகம் வரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, கழற்றிய டியூப் லைட்டைத் திரும்ப மாட்டினேன். இரண்டு முனையும் சரியாகப் பொருந்துவதற்குள் நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடமும் ஊசியில் மாட்டிய விரலோடு உட்கார்ந்துகொண்டு, "பார்த்து, ஸ்டூல் ஆடுது" என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் டாக்டர் என்ன வெளிச்சத்தில் தைத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "லைட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், நான்தான் அசந்துட்டேன்" என்றாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அதற்கடுத்த நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு வாசலுக்குப் போவது? மாடியிலேயே நின்றுவிட்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் இருந்த விளக்கு அத்தனையும் போட்டேன், மின்விசிறி எல்லாவற்றையும் சுற்றவிட்டேன், கல்யாண வீடு மாதிரி இருந்தது. தைத்த வரைக்கும் அப்படியே கிடந்த ஒற்றைக் கைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மச்சான், நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். காசு பதின்மூன்று வருடத்தில் வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி. மெஷினுக்கு மேல் இப்போது இரண்டு டியூப் லைட் எரிகிறது. நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் கண்ணுக்குக் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கள் தங்கையே தொலைபேசியில் அழைத்தாள். கோபம் தீர்ந்ததா என்றேன். கோபமா, யாருக்கு என்று கேட்கிறாள். "அண்ணிக்குக் கண் ஆபரேஷன், பத்து நாள் கூட இருந்துட்டு வரேன்னு சாப்பிடும்போது சொன்னேனே, நீங்களும் ம்னு சொன்னீங்களே" என்கிறாள். சொல்லியிருப்பாள். நான் அப்போது மனதுக்குள் யூனிட் கூட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஆகவே அவளை அனுப்பிவைக்கச் சொன்னதை எழுதாததாகக் கொள்ளவும். தங்கள் துணைவியாருக்கு ஆபரேஷன் என்பதுகூடத் தெரியாமல் நலம் விசாரித்ததற்கு மன்னிக்கவும். கடைசியாக, "விரல் விஷயத்தை அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. கதவு இல்லை, மச்சான்.