எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் அன்புமணியின் வீட்டுக்கு மூன்று தூக்குவாளி சாம்பார் வந்து சேர்ந்துவிட்டது.

முதல் தூக்கு சிவனம்மாளுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை வைத்திருப்பவள். சபையில் முதல் வரிசைக்காரி. அவள் ஆமென் சொன்னால் மைக் வெட்கப்படும்.

"ஐயா, பருப்பு வெந்த பெறகுதான் புளி. புளிய ஊத்திட்டு அடுப்ப விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாது. என்ன?" என்று தூக்கை அன்புமணியின் கையில் கொடுத்தாள்.

"அவகிட்ட சொல்றேம்மா."

"நீங்க கேட்டுக்கங்க. அது போதும்."

ஊழியக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று அன்புமணி எடுத்துக்கொண்டான். அடுத்த இரண்டு பெண்களும் அவனிடம்தான் கொடுத்தார்கள், அவனிடம்தான் பக்குவம் சொன்னார்கள். ஆக மரியாதை மூன்று மடங்கு.

உள்ளே சகாயசெல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் கழுவுகிற சத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கத்தின.

அன்புமணிக்கு இருபத்தேழு வயது. ஒரு வருஷ வேதாகமப் படிப்பு, சபையில் வாலிபர் ஊழியர், கல்யாணமாகி ஒன்பது மாதம். கல்யாணத்துக்கு முன்னால் அவனுடைய ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வருவார்கள். பத்துப் பேர் தூங்குவார்கள். மீதி ஐந்து பேர் பாட்டுக் குழு. ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் தூங்க வழியில்லை. கல்யாணமான மாதம் ஒருநாள், வேறு எதுவும் கைவசம் இல்லாமல், "என் மனைவி இருக்காங்களே..." என்று ஆரம்பித்தான். தூங்கியவர்கள் முழித்தார்கள். அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது, ஆண்டவர் ஏன் ஆணுக்குத் துணையைக் கொடுத்தார் என்று. பிரசங்கத்துக்கு உதாரணம் வேண்டாமா?

நேற்றைய உதாரணம் சாம்பார்.

"என் மனைவி பி.எஸ்சி. கணக்கு! எத்தனை படிச்சு என்ன, சாம்பாரை எப்ப இறக்கணும்னு தெரியல. தீஞ்சு போச்சு. உக்காந்து அழுதாங்க. நான் என்ன செஞ்சேன்? ஒரு வார்த்தை பேசல. ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதுதாங்க பிள்ளைகளே, அன்பு!"

சபை குலுங்கிச் சிரித்தது. அன்புமணி புகழைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு, கமிஷனாகக் கொஞ்சம் தனக்கு வைத்துக்கொண்டான்.

சகாயசெல்வி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. தெருக் குழாயில நான் குடத்தோட நின்னேன். அடுப்பப் பாருங்கன்னு யாருகிட்ட சொல்லிட்டுப் போனேன்?"

"எங்கிட்டதான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பிரசங்கத்தக் கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அழுதது யாரு?"

"புகை கண்ணுல..."

"பசியில அழுதீங்க. எங்கம்மா எங்கூரு அகரத்துல விடியுமுன்ன எந்திரிச்சு, தோட்டத்துல பூ எடுத்து எடுத்து விரலு வெடிச்சு என்னப் படிக்க வெச்சா. எங்க வம்சத்துல மொத காலேஜு நான். அந்தப் படிப்ப மேடையில வெச்சுச் சிரிக்கிறீங்க. இனி என் பேரு அங்க வரக் கூடாது."

"வராது செல்வி. சத்தியமா."

அவன் சொன்ன சொல் தவறாதவன். அடுத்த ஞாயிறு பேரே வரவில்லை.

"எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர்," என்று ஆரம்பித்தான். "மாமியார் வீட்டுக்குப் போயிட்டு மனைவியோட டி.வி.எஸ். ஃபிஃப்டியில வர்றாரு. அந்தம்மா அம்மா வீட்டுலருந்து தேங்கா, பூசணிக்கான்னு வண்டி கொள்ளாம ஏத்திட்டாங்க. பெட்ரோல் எப்படித் தாங்கும்? தாடிக்கொம்பு தாண்டி வண்டி நின்னுபோச்சு. ஆனா அந்தச் சகோதரர் முறுமுறுக்கல. பொறுமையா..."

'பொறுமையா' என்பதற்கு முன்னாலேயே சபை சிரித்தது. சிரிப்பு இப்படி முந்திக்கொண்டு வருவது அபிஷேகத்தின் அடையாளம் என்று நினைத்தான்.

கூட்டம் முடிந்ததும் மெக்கானிக் கண்ணுசாமி ஒரு பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்தச் சகோதரர்கிட்ட குடுத்துருங்க பாஸ்டர். பொண்டாட்டி பின்னாலருந்து வண்டியத் தள்ளும்போது இவரு சீட்டுல ராசா மாதிரி உக்காந்து வரக் கூடாதுன்னும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்லிர்றேண்ணே."

சீட்டில் உட்கார்ந்திருந்ததை மேடையில் சொல்லவே இல்லையே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அன்புமணிக்கு யோசனை. இரவு டைரியில் எழுதினான்: 'கண்ணுசாமி அண்ணனுக்குத் தீர்க்கதரிசன வரம் இருக்கிறது. ஊக்கப்படுத்த வேண்டும்.'

"அந்தச் சகோதரரோட பொண்டாட்டி யாரு?" என்றாள் சகாயசெல்வி.

"பேரு சொல்லலையே."

"தேங்காயுமில்ல, பூசணியுமில்ல. ஊரெல்லாம் சுத்திப் பெட்ரோலத் தீத்தது நீங்க. ரெண்டு மைலு தள்ளுனது நான். இறங்குங்கன்னதுக்கு, 'பேலன்ஸ் போயிரும்'னீங்க. இனி நானும் வரக் கூடாது, சகோதரரும் வரக் கூடாது. இந்தத் திண்டுக்கல் ஜில்லாவே உங்க பிரசங்கத்துல வரக் கூடாது."

வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அன்புமணி ஆப்பிரிக்காவுக்குப் போனான்.

அதற்குள் கூட்டம் நூற்று இருபதைத் தொட்டிருந்தது. பந்தல்காரரிடம் நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. பெயர்தான் வாலிபர் கூட்டம். அறுபது வயது வாலிபர்களும் முன்கூட்டியே வந்து துண்டு போட்டு இடம் பிடித்தார்கள்.

"ஆப்பிரிக்கக் காட்டிலே ஒரு மிஷனரி இருந்தார். மகா பரிசுத்தவான். ஒரு நாள் அவர் பசியோடு வந்தபோது, அவர் மனைவி கேஸ் புக் பண்ண மறந்துபோயிருந்தாள்..."

நூற்று இருபது பேரும் சிரித்ததில் வாடகை நாற்காலி இரண்டின் கால் ஒடிந்தது.

பெரிய பாஸ்டர் அவனைத் தனியே கூப்பிட்டார். அவர் சிரிக்காத மனிதர். அன்றைக்கும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டார்.

"தம்பி, அந்தக் காட்டுக்குள்ள சிலிண்டர் வண்டி எந்த ரோட்டு வழியா போகுது?"

"அது... ஒரு உதாரணத்துக்கு ஐயா."

"போங்க. வீட்டுக்குப் போங்க."

வீட்டில் கட்டில்மேல் ஒரு பை இருந்தது. சகாயசெல்வி சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. பாத்திரச் சத்தம் எவ்வளவோ தேவலை என்று அன்புமணிக்கு அப்போதுதான் பட்டது.

"கேஸ் புக் பண்ண மறந்தது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றாள். "நடந்தத அப்படியே சொல்லுங்க, எனக்கு ஒரு பயமும் இல்ல. இல்லயா, வசனத்த வாசிச்சிட்டு இறங்குங்க. அடுத்த ஞாயிறு இந்தப் பையோடதான் வருவேன். ஒரு பொய்யி, ஒரே ஒரு பொய்யி வரட்டும், அங்கனயே எந்திரிச்சு ஏழேகால் பஸ்ஸப் பிடிச்சிருவேன். பெறகு நீங்க அகரத்துக்கு வந்து முழங்காலு போட்டாலும் திரும்ப மாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அவன் அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. குழம்பில் உப்பு இல்லாத அன்றைக்குக்கூட அதில் ஒரு பிரசங்கம் தோன்றவில்லை. அவ்வளவு பயம்.

ஞாயிறு மாலை. நூற்று ஐம்பது பேர். பாட்டுக் குழுவின் சோலைமலை கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஆவலோடு அண்ணாந்து பார்த்தான். மூன்றாவது வரிசை ஓரத்தில் சகாயசெல்வி. மடியில் பை.

வசனத்தை வாசித்தான். நான்கு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மீதி இருபத்தாறு நிமிஷம் அவன் முன்னால் கருவேலங்காடு மாதிரிக் கிடந்தது. நூற்று ஐம்பது முகமும் 'ம், அப்புறம்?' என்றன. வாய் பாழாய்ப்போன வாய். அது தானாகத் திறந்தது.

"இங்கிலாந்து தேசத்திலே ஒரு ராஜா..."

சகாயசெல்வி எழுந்தாள். பை தோளில் ஏறியது.

"ராஜா இல்ல!" என்று கத்தினான். மைக் கீச்சென்றது. "ராஜாவும் இல்ல, மிஷனரியும் இல்ல. எனக்குத் தெரிந்த அந்தச் சகோதரர் நான்தான். சாம்பாரத் தீய விட்டது நான். அழுததும் நான். வண்டிய அவ தள்ளுனா, நான் மேல உக்காந்து வந்தேன். கேஸு புக் பண்ண மறந்துட்டு, ஆப்பிரிக்காவுல பழி போட்டேன்."

அன்புமணி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இன்னொன்னும் சொல்லிர்றேன். நான் பிளஸ் டூ கணக்குல பெயிலு. ரெண்டு தடவ. பி.எஸ்சி. கணக்கு படிச்சவ வீட்டுல இருக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூசும். அதான் இங்க ஏறி நின்னு அவளக் குட்டையாக்கி, நான் நெட்டையா நின்னேன். செல்வி, மன்னிச்சிரு. பஸ்ஸு வேணாம்."

சகாயசெல்வி வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முந்தானை கண்ணுக்குப் போயிற்றா வாய்க்குப் போயிற்றா என்று மேடையிலிருந்து தெரியவில்லை.

பெண்டாட்டி தங்கிவிட்டாள், ஊழியம் போயிற்று என்று அன்புமணி நினைத்தான். ஏனென்றால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கண்ணுசாமி தரையைப் பார்த்தார். சோலைமலை கிடாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். பெரிய பாஸ்டர்கூட உதட்டைப் பிதுக்கினார். பின்வரிசையில் இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார்கள். பொய்யனை ஜனங்கள் மன்னிக்கத் தயாரில்லை போலிருக்கிறது.

"என்னைப் பத்தி உங்களுக்கு இப்பதான் தெரிய வருது," என்றான். "கோவம் இருந்தா நேராவே சொல்லிருங்க."

முதல் வரிசையில் சிவனம்மாள் எழுந்தாள்.

"இப்படிக் கெடுத்துப்புட்டீகளே ஐயா! நடந்ததத்தான் ஒங்க வீட்டம்மா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பொம்பளைக ஜெபத்துல புட்டுப் புட்டு வெச்சிர்றாகளே, அத நீங்க எப்படிப் புரட்டிப் போடுறீகன்னு பாக்கத்தான ஞாயித்துக்கிழம இம்புட்டுச் சனமும் வாரோம்!"