கோடாரி பர்லுக்குக் கால் நட்சத்திரமா?

ஜாக்சன், டென்னசி
புதன்கிழமை, 1981 மார்ச் 11

அன்புள்ள மைத்துனன் டெல்மருக்கு, உன் அக்காள் புருஷன் ஆர்வில் டாக்கெட் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வெர்னாவும் சுகம். அங்கே உன் சுகத்தையும் உன் சைக்ளோஸ்டைல் மிஷினின் சுகத்தையும் அறிய ஆவல். அந்த மிஷின் சுகமாக இருப்பதால்தான் எனக்கு இத்தனை கேடும் என்பதைக் கீழே விவரிக்கிறேன்.

அந்த மிஷினில் நீ அடித்து அனுப்பும் மல்யுத்தப் பத்திரிகை வந்தது. எனக்கும் கோடாரி பர்ல் ஹேட்சருக்கும் நடந்த சண்டைக்கு ஐந்துக்குக் கால் நட்சத்திரம் போட்டிருக்கிறாய். "ஐம்பத்தாறு வயதாகியும் ஹேட்சருக்கு ஒரு பிடி தெரியாது. குத்துவார், நாற்காலியை எடுப்பார், மறுபடி குத்துவார். கால் நகர மறுக்கிறது. இவர் வீரரல்ல, கசாப்புக்காரர்" என்று வேறு எழுதியிருக்கிறாய். என்னைப் பற்றி "எதிரில் டாக்கெட் இருந்தார்" என்று மூன்றே வார்த்தை. அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தோற்பதுதான் என் உத்தியோகம்.

ஆனால் எங்கள் முதலாளி கேஸ்கின்ஸ் உன் பத்திரிகையை வேதம் மாதிரி படிக்கிறவர். அந்தப் பக்கத்தை ஆபீஸ் சுவரில் குத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டாக்கெட், இந்த மாசத்தோட கிழவனுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிடலாம். அடுத்த மாசத்துலேர்ந்து உனக்கு எதிரா கெண்டல் ரே" என்றார்.

"அந்த நாலரை நட்சத்திரப் பையனா?"

"அவனேதான். நாப்பது பிடி தெரிஞ்சவன்யா! உனக்கு யோகம்தான் போ."

யோகமாம், யோகம்! அந்தப் பிள்ளையாண்டான் குளிர்காலத்தில் மூன்று பேரோடு மோதினான். ஒருவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, ரோட்டைக் கடக்க மனைவியைக் கூட்டிப் போகிறார். இன்னொருவரால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. மூன்றாமவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆகிவிட்டார். அந்த மூன்று சண்டைக்கும் நீ நட்சத்திரத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறாய். பிடி அழகாகத்தான் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. பிடிபட்டவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்கு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது டெல்மர். இருப்பது ஒரே கழுத்து.

இனி சொல்லப்போவது தொழில் ரகசியம். அச்சில் போட்டாயானால் நம் உறவு அத்தோடு முடிந்தது. பர்ல் அண்ணன் நாற்காலியால் என் முதுகில் போடும்போது சத்தம் வெளியே கார்கள் நிற்கும் இடம்வரை கேட்கும். எனக்கோ யாரோ துண்டு போர்த்திய மாதிரி இருக்கும். குத்தும்போது வலது காலைத் தரையில் ஓங்கித் தட்டுவார், சத்தம் அங்கேயிருந்துதான் வரும். முஷ்டி என் தாடையருகே வந்து அப்படியே நிற்கும். ஏழாவது வரிசையில் ஆம்பிளைகள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அவர் என் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆர்வில், வெர்னாவுக்குப் பல்வலி தேவலையாடா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பத்தொன்பது வருஷத்தில் அவரால் நான் ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்லை. இதைத் திறமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வாய்?

அந்தக் கால் ஏன் நகரவில்லை என்றும் கேட்டுக்கொள். மேடையில் பகையாளிகளாக வருகிறவர்கள் வெளியே ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் சட்டம். ஜனங்கள் பார்த்துவிட்டால் தொழிலே படுத்துவிடும். ஆனால் பிப்ரவரியில் நல்ல மழை, நல்ல பசி. முப்பது மைல் தள்ளி ஒரு மீன்கடையில் நாங்கள் கெளுத்தி வறுவலும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்துகொண்டு யார் வந்தது என்கிறாய்? மிஸஸ் ஓப்பல் ஸ்டைல்ஸ்! சனிக்கிழமை தவறாமல் முதல் வரிசையில் பின்னல் ஊசியும் கையுமாக உட்கார்ந்து பர்லைச் சபிக்கிறாளே, அதே அம்மாள். பர்ல் அண்ணன் ஒரு கணம் யோசிக்கவில்லை. தட்டோடு மீனை என் தலையில் கவிழ்த்தார், மேஜையைப் புரட்டினார், என்னைத் தூக்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வீசினார். கடையே அலறியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. கண்ணில் கொஞ்சம் மிளகாய்ச் சாறு பட்டது, அதற்குச் சமையல்காரர்தான் பொறுப்பு. அந்த அம்மாள்தான், "பாவி, ஒரு நல்ல மனுஷனைக் கொல்றியேடா!" என்று ஓடிவந்து ஊசியை அவர் தொடையில் இறக்கிவிட்டாள். நாலு தையல். அந்தத் தையலோடு நொண்டாமல் வந்து நடித்தவரைத்தான், மன்னிக்கவும், சண்டை போட்டவரைத்தான் நீ "கால் நகர மறுக்கிறது" என்று எழுதினாய். உனக்குக் கை கூசவில்லையா?

ஆகவே நாலு நட்சத்திரம் போட்டு ஒரு திருத்தம் வெளியிடு. நாலு தர மனசில்லையென்றால் மூன்று நட்சத்திரமாவது போடு, கேஸ்கின்ஸ் மனசு மாறட்டும். உன் அக்காளைக் கழுத்துப்பட்டைக்காரன் பெண்டாட்டியாக ஆக்கிவிடாதே.

வெர்னா உனக்கு அன்பும் ஒரு ஜாடி பீச் ஜாமும் அனுப்புகிறாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருந்து, நியாயமாக மதிப்பெண் போடக் கர்த்தர் உனக்கு அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
எதிரில் இருந்த,
ஆர்வில் டாக்கெட்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் இதைப் பர்ல் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிப்பிடித்து நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து உன் கட்டுரையை எடுத்தார். அழகாகக் கத்தரித்து மடித்து வைத்திருக்கிறார், டெல்மர்! "முப்பது வருஷத்துல என்னைக் கசாப்புக்காரன்னு அச்சுல போட்டவன் இவன் ஒருத்தன்தாண்டா. வீட்டுல நாலு தடவை படிச்சுக் காட்டினேன். நீ என்னடான்னா வலிக்கவே இல்லன்னு எழுதி வச்சிருக்க. நெசமாவே ஒருநாள்கூடவா வலிக்கல?" என்றார். நான் பெருமையாக, "ஒருநாள்கூட இல்லண்ணே" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அப்புறம் குத்தினார். இந்தத் தடவை காலைத் தரையில் தட்டவில்லை. என் முன்பல் இரண்டும் கைக்குட்டையில் இருக்கின்றன. சனிக்கிழமை மிச்சத்தையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திருத்தம் கிருத்தம் ஒன்றும் வேண்டாம். கேஸ்கின்ஸுக்கு உடனே போன் போட்டு, கெண்டல் ரேயை இந்தச் சனிக்கிழமையே அனுப்பச் சொல்.