அம்மாவுக்குப் பதில்

தான் நேற்று அம்மாவிடம் என்ன சொன்னோம் என்று தெரிந்துகொள்வதற்காக, மப்ளர் முழங்கால் ஆழப் பனியில் முகாம் அலுவலகத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

அது முகாமின் மூன்றாம் நாள் காலை. அவனோடு வந்த நண்பர்கள் எல்லாம் கூடாரங்களில் தூக்கப் பைகளுக்குள் சுருண்டு கிடந்தார்கள். ஆறு பேப்பர் எழுதி முடித்த ஜனங்கள் தூங்கும் தூக்கம் தனி. இடி விழுந்தால்கூடத் திரும்பித்தான் படுப்பார்கள். இவன் ஒருத்தனுக்குத்தான் பரீட்சை இன்னும் முடியவில்லை.

மப்ளர் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஐந்து வயதில் ஒரே ஒரு தடவை அவனுக்கு மூச்சு இரைத்தது. அன்றிலிருந்து அம்மா அவன் கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றாமல் வாசல்படி தாண்ட விட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் நாளே அது பெயராகிவிட்டது.

நண்பர்கள் குளிர்கால முகாம் போகலாம் என்றபோது, நூலகத்தில் கவுண்டரில் உட்காரும் அம்மா வீட்டிலும் கவுண்டரில் உட்கார்ந்ததுபோலவே பதில் சொன்னாள்.

"பனியா? உனக்கா? போயிட்டு வா, நான் தடுக்கல. ஆனா வரும்போதே ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணிட்டு வந்துடு. அடுத்த டேர்ம்லேர்ந்து வீட்லேருந்தே பஸ்ல போய்ட்டு வரலாம்."

பஸ் என்றால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அந்த ஹாஸ்டல் அறைக்காக அவன் ஒரு வருஷம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். அப்பாவிடம் முறையிட்டும் பிரயோசனமில்லை. அவர் கோர்ட்டில் சுருக்கெழுத்தர். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை எழுதி எழுதி, சொந்தமாகப் பேச அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது தெருவில் எல்லோரும் அறிந்தது. "அம்மா சொல்றதைக் கேளு," என்றார். அந்த மாதத்தில் அவர் மகனிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

ஆகவே மப்ளர், ஹாஸ்டலில் தங்கி ப்ராஜெக்ட் செய்யப்போவதாக வீட்டில் சொன்னான். லேபில் போன் பேசக்கூடாது, மெசேஜ் மட்டும்தான் என்றும் சேர்த்துச் சொன்னான். மலையில் சிக்னல் கிடையாது. அம்மாவோ வேளைக்கு ஒரு மெசேஜ் போடுகிறவள். பதில் வராவிட்டால் அடுத்த அழைப்பு வார்டனுக்குத்தான். அதனால் போனை அறைத் தோழன் கெமிஸ்ட்ரியிடம் ஒப்படைத்தான். கெமிஸ்ட்ரிக்கு ஒரு லேப் பரீட்சை பாக்கி. அறையை விட்டு நகரமாட்டான்.

"சாப்பிட்டியான்னு கேட்பாங்க. சாப்பிட்டேன்னு போடு. வேற ஒண்ணும் வேணாம்."

"இது ஒரு வேலையாடா," என்றான் கெமிஸ்ட்ரி.

முகாமில் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. அதுவும் அலுவலகமும் சமையலறையும் ஒன்றாக இருந்த அறையில். ரிசீவர் உடைந்துவிட்டதால் ஸ்பீக்கரில் மட்டுமே பேசலாம். பேசும் நேரம் எட்டிலிருந்து ஒன்பது. ரொட்டிக்கு வரிசை நிற்கும் நேரமும் அதே. மூன்று ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த மேனேஜர் அக்கா, வேனில் வந்த ரொட்டியைக் கல்லில் சூடாக்கிப் போட்டுக்கொண்டே எல்லாருடைய குடும்ப விவகாரத்தையும் தீர்த்துவைப்பாள்.

முதல் நாள் கெமிஸ்ட்ரியின் குரல் உற்சாகமாகத்தான் வந்தது.

"உங்கம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்கடா."

மப்ளர் ஸ்பீக்கரைச் சந்தேகமாகப் பார்த்தான். "ஏன்?"

"நீங்க சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டேன்."

"அதெல்லாம் ஏன்டா கேட்டே? நான் கேட்டதே இல்லையே."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க."

மேனேஜர் அக்காவின் கரண்டி நின்றது. "பெத்தவளை ஒரு தடவைகூட சாப்பிட்டியான்னு கேட்டதில்லையா தம்பி?"

வரிசை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் ஸ்பீக்கரிடம் குனிந்தான். "இனிமே 'ம்'னு மட்டும் போடு. நான் அப்படித்தான் போடுவேன்."

கெமிஸ்ட்ரி சொன்னதைச் செய்கிறவன். மூன்று வேளைக்கும் மூன்று 'ம்' போட்டான். இரண்டாம் நாள் காலை, அதன் விளைவு ஸ்பீக்கரில் வந்தது.

"என் மேல கோபமான்னு கேட்டுட்டாங்கடா. எனக்குப் பயமாப் போச்சு. உடம்பு சரியில்ல, அதான்னு போட்டுட்டேன்."

"என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல். நூத்தி ரெண்டு."

"நூத்தி ரெண்டா?"

"கம்மியா சொன்னா நம்பமாட்டாங்கன்னு நெனைச்சேன். இப்ப ரெண்டு மணிக்கு ஒரு தடவை எவ்வளவுன்னு கேக்கறாங்க. நான் படிக்கவே இல்லடா."

வரிசையில் பின்னால் நின்ற நெட்டை, "சரியாப்போச்சுன்னு போடச் சொல்லு," என்றான். மப்ளரை முகாமுக்கு இழுத்து வந்தவனே அவன்தான். ஆகையால் யோசனை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவன்.

"நூத்தி ரெண்டு அப்படியெல்லாம் உடனே இறங்காது," என்றாள் மேனேஜர் அக்கா. "யாராவது கூட இருந்து பார்த்துக்கிட்டாங்கன்னு சொன்னாத்தான் பெத்த மனசு ஆறும்."

வரிசை அதை ஏகமனதாக ஆமோதித்தது. கூடப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டதாகப் போடச் சொல்லிவிட்டு, மப்ளர் சறுக்குவண்டி விடப் போனான். சரிவில் மற்றவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அவன் மட்டும் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவனைப் போல வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

அதனால்தான் மூன்றாம் நாள் அந்த ஓட்டம்.

"காய்ச்சல் போயே போச்சு," என்றான் கெமிஸ்ட்ரி.

"அப்பாடா."

"பார்த்துக்கிட்டது பையனா பொண்ணான்னு கேட்டாங்க."

ரொட்டி வரிசை நகர்வதை நிறுத்தியது.

"பையன்னு சொன்னியா?"

"ஹாஸ்டல் பசங்களுக்குத் தண்ணிகூடச் சுட வைக்கத் தெரியாதுன்னு அவங்க சொல்வாங்கன்னு நீதானேடா சொல்லியிருக்கே. அதான் பொண்ணுன்னுட்டேன். இப்ப, எந்த டிபார்ட்மென்ட், அப்பா என்ன பண்றார், உன்னைப் பத்தி என்ன நினைக்குதுன்னு வரிசையா கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நம்பர் போட்டுக் கேக்கறாங்க."

"அந்தப் பொண்ணை இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இல்லாம பண்ணு."

"கொஞ்சம் மரியாதையா அனுப்பி வைங்கப்பா," என்றாள் அக்கா. "காய்ச்சலுக்கு ராத்திரி பகலா பார்த்த பொண்ணு."

நான்காம் நாள் கெமிஸ்ட்ரி ஹலோகூடச் சொல்லாமல் ஆரம்பித்தான்.

"அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிடுச்சுன்னு போட்டேன்டா. உங்கம்மா எனக்கு எழுதினதை நீ கேக்கணும். எங்க வீட்ல எனக்கு யாரும் இப்படி எழுதினதில்லை." மூக்கை உறிஞ்சிவிட்டு அவன் படித்தான். "உன் வயதில் எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு வருடம் ஒரே பஸ். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒரு நாள் அந்த ஸ்டாப்பில் யாரும் ஏறவில்லை. அழுகை வந்தால் அழுதுவிடு. நான் அழவில்லை. அது தப்பு."

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட மறந்தாள். வரிசையில் இரண்டு பெண்கள் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மப்ளர் மட்டும் அடி வாங்கியவன்போல நின்றான். அம்மாவா? திருப்பித் தராத புத்தகத்துக்காக சொந்த அண்ணனையே கவுண்டரில் நிற்கவைத்த அம்மாவா?

"நீ என்ன பதில் போட்டே?"

"அழுதேன்னு போட்டேன். நிஜமாவே அழுதேன். அப்புறம், இது அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"அதை எதுக்குடா கேட்டே?"

"மனசு கேக்கல. அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்னாங்க."

மப்ளருக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த மனுஷர் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணமா என்று ஒரு புது வெளிச்சமும் கிடைத்தது. அந்த வெளிச்சத்தில் அவன் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குடா," என்று கெமிஸ்ட்ரி அம்மாவின் அடுத்த மெசேஜைப் படித்தான். "நீ அங்கே தனியாக இருந்தது போதும். நாளை காலை பத்தரை பஸ்ஸில் அப்பாவை அனுப்புகிறேன். அறையைக் காலி செய்து அவருடன் புறப்படு."

அறையில் ரொட்டி கருகும் வாசனை. யாரும் கவனிக்கவில்லை.

"கதவைப் பூட்டிட்டு ஓடிடச் சொல்லு," என்றான் நெட்டை.

"நீ சும்மா இரு, கொக்கு," என்றாள் அக்கா. அவள் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி தெரிந்தது. "காலையில ஆறு மணிக்கு ரொட்டி வேன் கீழே திரும்பும். அதுல போ தம்பி. அவர் பஸ் ஏறுறதுக்குள்ள வீட்ல போய் நில்லு. நடந்ததை நடந்தபடி சொல்லிடு. யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிடாதே."

மறுநாள்தான் முகாமின் பெரிய நாள்: உறைந்த ஏரியில் சறுக்கு. பரீட்சைக்குப் படித்த ஒரு மாதமும் அவன் அதைத்தான் கனவு கண்டிருந்தான். நண்பர்கள் சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து மலை இறங்கினான். வழி நெடுக மன்னிப்பு ஒத்திகை.

வீட்டை அடைந்தபோது மணி பத்து பத்து. கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜையருகே அப்பா ஷூ மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். காலடியில் பெரிய காலிப் பை, கையில் அம்மாவின் போன். மகனின் ஷூவிலிருந்த பனிச் சேற்றையும், காற்றில் வெடித்த மூக்கையும், கடைசியாக முகத்தையும் பார்த்தார்.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அப்பா, நான் ஹாஸ்டல்லயே இல்ல, அஞ்சு நாளா கேம்ப்ல இருந்தேன், அம்மாகூட மெசேஜ் பண்ணினது நான் இல்ல," என்று ஒரே மூச்சில் கொட்டினான்.

அப்பா காலிப் பையை ஓரமாகத் தள்ளினார். கோர்ட்டில் சாட்சி சொன்னதைத் திரும்பப் படிப்பவர்போல நிதானமாகக் கேட்டார்.

"காய்ச்சல்?"

"இல்லப்பா."

"அந்தப் பொண்ணு?"

"அப்படி யாருமே கிடையாதுப்பா."

"அழுதது?"

"அது என் ரூம்மேட்."

அப்பாவின் முகம் காதுவரை சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"ரூமை மட்டும் விடச் சொல்லாதீங்கப்பா. நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன். அம்மா எங்க? அம்மா," என்று அவன் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"கத்தாதேடா," என்றார் அப்பா. "உங்கம்மா லைப்ரரி கூட்டத்தோட பனியில விளையாடப் போய் அஞ்சு நாளாச்சு, அவ வர்ற வரைக்கும் நான்தான் உங்கம்மா."