கட்கி சங்கத்தின் அந்தரங்கக் காப்புக் குழு

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில், மராத்தி நாட்டுக் கட்கியிலுள்ள எங்கள் தமிழர் நலச் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பெரும் பொறுப்பும் சேர்ந்தே வந்தன. பக்கத்துப் பாணேரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு புண்ணியவான் புதிது வாங்கிவிட்டு, பழையதை எங்களுக்குத் தானம் செய்தார். பொறுப்பைச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் கணக்குத் தணிக்கையில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவர்.

இன்டர்நெட்டில் நாம் எதைப் பார்க்கிறோம் என்பதை யாரோ கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவர் எங்கோ படித்திருந்தார். கண்டவனும் கவனிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்கென்று முறைப்படி நியமிக்கப்பட்டவர்கள் அல்லவா கவனிக்க வேண்டும்?

ஆகவே அந்தரங்கக் காப்புக் குழு உதயமாயிற்று. உறுப்பினர்கள் யார் என்பதும் அந்தரங்கம். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று கம்ப்யூட்டர் திரையை ஹாலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். ஹாலில் கேரம் ஆடுகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள்தானே, பாதகமில்லை. யார் எதைப் பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் ஹிஸ்டரியை ஞாயிறுதோறும் அழித்துவிட வேண்டும். ஆனால் படித்துப் பார்க்காமல் எதையும் அழிப்பது தணிக்கை தர்மத்துக்கே விரோதம். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் டிக் போட, அதன் பிறகே அழிப்பு. வாசலில் காவல் இருக்கும் சௌகிதார் மராத்திக்காரர். அவருக்குப் புரிந்துவிடாமலிருக்க எல்லாவற்றையும் தமிழில் படிப்பது என்று முடிவாயிற்று. இதைவிடப் பலமான பூட்டு உலகத்தில் கிடையாது என்றார் செயலாளர்.

வாசலில் "இங்கே அந்தரங்கத்துக்கு உத்தரவாதம்" என்று போர்டு வைத்தார்கள். அதை நம்பி முதலில் வந்தவள் சரசா.

சரசா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் இறந்தபின் அவருடைய அண்ணன் ரவிசந்திரன் வீட்டில் இருந்தாள். சம்பளத்தை அந்த வீட்டிலேயே கொட்டிவிட்டு, அவள் நன்றியோடும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு ஆசை. நிச்சயமாகும் வரை ரவிசந்திரன் காதுக்கு மட்டும் போகக் கூடாது. போனால் குடும்ப மானம் என்று கிளப்பி, கல்யாணப் பேச்சையே மூடிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மற்றவர்களுக்கு மௌஸைத் தொடவே இன்னும் பயம். எனவே ஹிஸ்டரி முழுக்க ஒருத்தியுடையதாகவே இருந்தது.

"கல்யாண வெப்சைட். மறுமணப் பிரிவு," என்று செயலாளர் உரக்கப் படித்தார்.

"டிக்."

"அச்சுதன், ஊர் தாபோடி. மனைவி காலமானவர். ஒரு பெண் குழந்தை."

"டிக்."

"புதுப் பதிவு. சரசா, கட்கி, கணக்கு டீச்சர்."

டிக் போட்டுக்கொண்டிருந்தவர் ரவிசந்திரன். பேனா நின்றது. "எந்த சரசா?"

"அதெல்லாம் கேக்கப்படாது, அந்தரங்கம். உங்காத்து சரசாதான்."

கேரம் காய்கள் கூட நின்றுவிட்டன. குழு உடனே அவசரமாகக் கூடியது. இந்த ரகசியம் வெளியே போக ஒரே வழிதான் இருந்தது: அந்த அச்சுதன். "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று செயலாளர் அவர் பதிவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். குழுவில் மற்றவர்களும் தனித்தனியே செய்தார்கள். "சொன்னா நல்லாருக்காது, ஆமாம்" என்று ரவிசந்திரன் தம் பங்குக்குச் செய்தார். திருமதி சரசாவின் வரன் தேடல் பற்றி உறுப்பினர்கள் எவரும் பேசலாகாது என்று நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள். அன்று வராதவர்களுக்கு அது பேருதவியாக இருந்தது.

அந்த வாரம் சங்கத்தில் கம்ப்யூட்டர் அறிவு தாறுமாறாக வளர்ந்தது. சரசாவின் பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். வந்தவர்கள் அதோடு எழுந்து போகவில்லை.

அடுத்த ஞாயிறு சரசா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவர் வேண்டாம்னுட்டார் சார். யார் யாரோ போன்ல மிரட்டறாளாம். பொண் குழந்தை இருக்கற வீடு, பயமா இருக்குன்னு எழுதியிருக்கார்."

"பாத்தியா? நாங்க போன் பண்ணலேன்னா அவர் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். உன் அந்தரங்கம் தப்பிச்சுது."

"என் கல்யாணம்?"

"அது எங்க குழுவோட அதிகாரத்துல வராதும்மா."

எனக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. சரசா அழவில்லை. ரவிசந்திரனின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"இந்த வாரத்து ஹிஸ்டரியை அழிக்கணுமே. படிங்கோ, நான் டிக் போடறேன்."

செயலாளர் கண்ணாடியை மாட்டினார். முதல் வரியைப் பார்த்துக் கழற்றினார். துடைத்து மாட்டி இரண்டாவதைப் பார்த்தார். ரவிசந்திரன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இந்தத் தடவை படிக்காமலே அழிச்சுடலாம்னு ஒரு தீர்மானம் கொண்டுவரேன்," என்றார் செயலாளர்.

ஹாலில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் கை தூக்கினோம். ரவிசந்திரன் இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்போ போன வாரம் மட்டும் ஏன் படிச்சேள்?" என்று கேட்டாள் சரசா.

"போன வாரம் உன்னோடதும்மா," என்றார் லக்ஷ்மிநாராயணன், குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. "இது எங்களோடது."